வடம் கட்டிய கார்

தம்பி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் அடைத்துவிடுங்கள். காற்று வேண்டும் என்றுதான் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் வருவது காற்றா? பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த வெள்ளைக் காரைப் பாருங்கள். ஆள் கடைக்குள் வாழைப்பழம் பொறுக்கிக்கொண்டிருக்கிறான், வண்டி வெளியே உறுமிக்கொண்டு நிற்கிறது. எதற்கு? திரும்பி வந்து உட்காரும்போது சீட்டு குளுகுளுவென்று இருக்க வேண்டுமாம். சீ. உட்கார்கிற இடத்துக்கு இத்தனை உபசாரமா? ஊர் முழுக்க அவன் புகையைக் குடிக்க வேண்டும், அவனுக்குப் பின்பக்கம் குளிர வேண்டும்.

நானும் கார் வைத்திருந்தவன்தான் தம்பி. அதனால்தான் எனக்கு இவ்வளவு அருவருப்பு. ஓடைப்பட்டியில் இறங்கி 'கார் அனவரதம் வீடு எது' என்று கேட்டுப் பாருங்கள், ஆடு மாடுகூட வழி காட்டும். சுற்றுவட்டாரத்தில் முதல் கார் என்னுடையது. ஒரு தடவை ஆற்றில் வெள்ளம் வந்து பாலம் முங்கிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வலியில் துடிக்கிறாள். அவளை ஏற்றிக்கொண்டு வண்டியை ஆற்றில் இறக்கிவிட்டேன். மிதந்தது. இந்தப் பக்கம் கதவைத் திறந்து நான் கையால் துடுப்புப் போட, அந்தப் பக்கம் அவள் புருஷன் போட, அக்கரை சேருவதற்குள் பின்சீட்டில் பிள்ளை பிறந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. சிரிக்கிறீர்களே. நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன.

நான் சொல்ல வந்தது பொறுப்பைப் பற்றி. கார் வைத்திருப்பது பெரிசில்லை, பொறுப்பாக வைத்திருக்க வேண்டும். இப்போது பாருங்கள், தெருவுக்குத் தெரு கார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குழாயை நீட்டி, குடிக்கிற தண்ணீரைச் சோப்போடு சேர்த்துத் தெருவில் ஓட விடுகிறான். பார்த்தாலே எனக்குக் குமட்டும். நான் ஒரு நாளாவது குழாய்த் தண்ணீரில் கார் கழுவியிருப்பேனா? நேரே குளத்துக்குள் இறக்கிவிடுவேன். குளத்துத் தண்ணீர் குளத்திலேயே நிற்கிறது, ஒரு சொட்டு வீண் உண்டா? நான் கழுவுகிற அழகைப் பார்க்க மீனெல்லாம் மேலே வந்துவிடும். மல்லாந்து படுத்துக்கொண்டு பார்க்கும்.

ஆயில் மாற்றுகிறான்களே, அது அதைவிட அசிங்கம். கறுப்பு எண்ணெயை வடித்துச் சாக்கடையில் ஊற்றுகிறான். பூமி என்ன ஆகும் என்று நினைக்கிறானா? நான் ஆயில் மாற்றியதே கிடையாது. வாங்கின அன்றைக்கு உள்ளே இருந்த ஆயில்தான் கடைசிவரை. குறைந்தால் மேலே கொஞ்சம் விடுவேன், அவ்வளவுதான். பேட்டரிக்குக் கடையில் விற்கிற தண்ணீர் எதற்கு? எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கல்கண்டு மாதிரி இருக்கும். அதைத்தான் ஊற்றுவேன். புகை வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் புகையில் ஒரு குணம் இருந்தது. ஒரு தெருவில் போய் வந்தால் அந்தத் தெருவில் கொசு இருக்காது. மருந்து அடிக்கிற ஆட்கள் எங்கள் ஊருக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார், 'அண்ணாச்சி, மழைக்காலத்துல இந்தப் பக்கமா ஒரு நடை வாங்க' என்று.

அப்படி வைத்திருந்த காரைத்தான் தம்பி, போன பங்குனியில் கொன்றுவிட்டார்கள்.

கொன்றவர்கள் யார் என்று கேட்டால் ஒருத்தர் பெயரைச் சொல்ல முடியாது. ஆரம்பித்து வைத்தது என் மாப்பிள்ளை. திருமலைக்கொழுந்து என்று பெயர். என் மகள் உலகம்மாளைக் கட்டினவர். காற்றாலைக் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. காற்றுக்கு எதற்குப் பாதுகாப்பு என்று நான் கேட்டதில்லை, மரியாதை. அவரிடமும் ஒரு கார் இருக்கிறது. சத்தமே வராத கார், கரண்டில் ஓடுகிறது. ஏறினால் பெல்ட்டு, இறங்கினால் பூட்டு, மாசா மாசம் டயருக்குக் காற்று பார்ப்பார். காரோடு ஒரு புத்தகம் கொடுக்கிறான் பாருங்கள், அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்திருக்கிறார். மனுஷன் படிக்கிற புத்தகமா அது?

என் வண்டிக்கு ஆயுள் முடிகிற வருஷம் அது. பழைய வண்டிகளை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய், பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரி என்று எஃப்.சி. கொடுத்தால்தான் மேற்கொண்டு ஓட்டலாம். இல்லாவிட்டால் உடைக்கிற இடத்துக்குத் தள்ள வேண்டியதுதான். நாளை நாளை என்று இருந்துவிட்டேன். வேலை இருந்தது. என்ன வேலை என்று இப்போது ஞாபகம் இல்லை. கடைசி நாள் காலையில் சாவியைத் திருப்புகிறேன், 'டொக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினால் அதுவும் இல்லை. கல்கண்டு மாதிரித் தண்ணீர் விட்டு வளர்த்த பேட்டரி தம்பி, நன்றி இல்லாமல் செத்துப்போயிற்று.

மாப்பிள்ளை அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தார். வந்து பார்த்தார். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை.

"மாமா, இது இப்போதைக்கு ஸ்டார்ட் ஆகாது. ஏத்திக்கிட்டுப் போற வண்டிக்குச் சொல்லுதேன், மத்தியானத்துக்கு மேல வந்துரும்" என்றார்.

"மத்தியானத்துக்கு மேல வந்து, அது போய்ச் சேருததுக்குள்ள ஆபீச அடைச்சுருவான் மாப்பிள. மாசானத்துட்ட டிராக்டர் நிக்கு. கயித்தக் கட்டி இழுத்தா போச்சு."

அவ்வளவுதான் சொன்னேன். ஏதோ கொலை செய்யப் போகிறேன் என்று சொன்ன மாதிரி முகம் மாறிவிட்டது.

"கயிறு ஆகாது மாமா, அதுக்குன்னு பட்டை இருக்கு. வெடுக்குனு இழுக்கப்படாது. நடுவுல செவப்புத் துணி கட்டணும், குறுக்க யாரும் வந்துரக்கூடாதுல்லா. கியர நியூட்ரல்ல போடணும். முக்கியமா சாவிய உருவிராதீங்க, ஸ்டீயரிங் பூட்டிக்கிடும். எஞ்சின் ஓடாதப்போ பிரேக்கு கட்டையா இருக்கும், நல்லா மிதிக்கணும்."

"இது என்ன மாப்பிள, காரை இழுக்கதா, பாடையத் தூக்கதா? இவ்வளவு சடங்கு சொல்லுதீங்க."

"நான் கம்பெனி வரைக்கும் போயிட்டு பட்டை எடுத்துட்டு வாரேன். அதுவரைக்கும் ஒண்ணும் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டு அந்த ஊமைக் காரில் போய்விட்டார்.

நான் எதற்குக் காத்திருக்க வேண்டும்? என்னிடம் இல்லாத கயிறா? தம்பி, எங்கள் வீட்டுத் தொழுவத்தில் மருதங்கோட்டைக் கோயில் தேர் வடம் கிடந்தது. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? திருடவில்லை. விழாக் கமிட்டியில் நானும் ஒருத்தன். தேர் இழுக்கிறபோது வலது வடம் யாருக்கு, இடது வடம் யாருக்கு என்று கீழத் தெருவுக்கும் மேலத் தெருவுக்கும் சண்டை. மண்டை உடைந்தது. நான் யோசித்தேன், வடம் இருந்தால்தானே சண்டை? ஒரு வண்டியில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதோடு சண்டை நின்றது. தேரும் நின்றது, அது வேறு விஷயம். பல வருஷம் தேர் ஓடவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்குத் தேர் ஓட்டத் துப்பில்லை என்று நானே எத்தனையோ பேரிடம் வருத்தப்பட்டிருக்கிறேன்.

தொடை தண்டி வடம். அதை இரட்டையாக மடித்து, மடிப்பைக் காரின் முன்னச்சில் கட்டி, இரண்டு நுனியையும் மாசானத்தின் டிராக்டரில் மாட்டினோம். மாப்பிள்ளை சொன்னாரே என்று சிவப்புத் துணிகூடக் கட்டினேன். நான் நல்லது சொன்னால் கேட்காத ஆள் இல்லை. வீட்டில் சிவப்புத் துணி என்று பார்த்தால் என் வீட்டுக்காரி பிரம்மசக்தியின் சரிகை போட்ட பட்டு ரவிக்கைத் துணிதான் இருந்தது. அவள் அதைக் கொடுத்ததோடு விடவில்லை. "கடைசியாப் போற காரியம், நல்லபடியா முடியட்டும்" என்று பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு ரோஜா மாலையும் போட்டுவிட்டாள். கடைசியாக என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது.

மருதங்கோட்டை வழியாகத்தான் டவுனுக்குப் போக வேண்டும். அதுவரை ஒரு குறையும் இல்லை. நான் ஸ்டீயரிங்கில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், எஞ்சின் ஓடவில்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. மாப்பிள்ளையின் கரண்டுக் காரைவிடச் சுத்தம். தேரடி முக்குக்கு வந்ததும் மாசானம் டிராக்டரை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, ஒரு டீயக் குடிச்சிட்டு ஓடியாந்துருதேன்" என்று இறங்கிவிட்டான். டிராக்டரையும் அணைக்கவில்லை. அது தனியாக நின்று தட தட என்று புகையைக் கக்குகிறது. பொறுப்பில்லாத பயல்.

அங்கேதான் பூக்கடைக்காரர் ஆவுடையப்பன் வந்தார். மாலையைப் பார்த்தார், பட்டுத் துணியைப் பார்த்தார், அப்புறம் குனிந்து வடத்தைத் தொட்டுப் பார்த்தார். பார்த்தவர் நிமிரவில்லை, அப்படியே கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஏ, நம்ம வடம்வே இது" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்குக் காது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டீக்கடை, சலூன், ரேஷன் கடை எல்லாம் காலியாகிவிட்டது. எறும்பு மாதிரி வந்துவிட்டார்கள்.

நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அவசரமாப் போறேன்யா, எஃப்.சி. பாக்கணும், சாயங்காலம் நானே கொண்டாந்து போட்டுருதேன்" என்றேன்.

"அனவரதம் அண்ணாச்சி, வடம் தெருவுக்கு வந்துட்டா சும்மா திரும்பலாமா? நாலு ரத வீதியும் சுத்தி நிலையில விட்டாத்தான் ஊருக்கு நல்லது. உமக்குத் தெரியாததா?" என்றார் ஆவுடையப்பன்.

தெரியும். அதுதான் அந்த ஊர் வழக்கம். வடத்தை விரித்தால் இழுத்துத்தான் சுருட்ட வேண்டும். ஆனால் அது தேருக்குத் தம்பி, காருக்கா? அதற்குள் டிராக்டரிலிருந்து இரண்டு நுனியையும் கழற்றிவிட்டார்கள். மடித்துக் கட்டியிருந்தேன் அல்லவா, இரண்டு வடமாக ஆகிவிட்டது. கீழத் தெரு வலது பக்கம் பிடித்தது, மேலத் தெரு இடது பக்கம் பிடித்தது. இத்தனை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் ஒருத்தன்கூட, 'எனக்கு அந்தப் பக்கம்' என்று கேட்கவில்லை. மாசானம் எங்கே என்று பார்க்கிறேன். டீ கிளாசை டிராக்டர் மேல் வைத்துவிட்டு அவனும் இடது வடத்தில் நிற்கிறான். "சாமி காரியம் அண்ணாச்சி, நான் என்ன செய்ய" என்கிறான். சீ, மனுஷ ஜென்மமா.

அவ்வளவு ஜனத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றும் சொல்லுங்கள். சாவி தொங்கிக்கொண்டிருக்கிறது. எவனாவது கையை விட்டு உருவிக்கொண்டு போனால்? நான் பொறுப்பானவன். சட்டென்று சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கிழக்கு ரத வீதி நேர் வீதி, நன்றாகத்தான் போயிற்று. பெண்கள் மாடியிலிருந்து பூப் போட்டார்கள். ஒருத்தி ஆரத்தித் தட்டோடு வந்து என் முகத்துக்கு நேரே சுற்றினாள், நான் என்ன செய்வேன், கும்பிட்டேன். தெற்கு வீதி முக்கில்தான் வினை. திருப்பப் பார்க்கிறேன், ஸ்டீயரிங் அசையவில்லை. பாறை மாதிரி நிற்கிறது. முன்னால் இழுக்கிறவனுக்கு என்ன தெரியும், அவன் பாட்டுக்கு வீதி திரும்புகிறான். வண்டி நேரே போய் ஒரு வீட்டு வாசலில் மோதப் பார்க்கிறது. பிரேக்கை மிதிக்கிறேன், கல்லை மிதித்த மாதிரி இருக்கிறது.

தேர் என்றால் முக்குத் திருப்புவதற்குச் சக்கரத்தில் முட்டுக்கட்டை போடுகிற ஆட்கள் உண்டு, பார்த்திருப்பீர்கள். புளிய மரத்தில் செதுக்கின ஆப்பு மாதிரி இருக்கும். அந்த ஆட்கள் பல வருஷமாகக் கை நமநமத்துக் கிடந்திருக்கிறார்கள். முட்டுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். "வே, அது தேர்ச் சக்கரத்துக்குள்ளதுவே, இது டயருவே" என்று கத்துகிறேன், கொட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கொட்டு எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியாது. போட்டான். முன்சக்கரம் அதில் ஏறி இறங்கிற்று. வண்டி திரும்பத்தான் செய்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அடியில் 'மடார்' என்று ஒரு சத்தம். எண்ணெய்ச் சட்டி உடைந்து, வாங்கின நாள் முதலாக நான் பாதுகாத்த ஆயில் தெருவில் ஊற்றுகிறது. தார் மாதிரி இருந்தது. ஒரு நாற்றம் தம்பி. பின்னால் வந்த கூட்டம் அதில் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடியும் வந்து வடத்தைப் பிடிக்கிறது.

இதெல்லாம் மாப்பிள்ளை சாவி சாவி என்று சொன்ன வாய் முகூர்த்தம்தான். அவர் சொல்லாமலிருந்தால் ஸ்டீயரிங்குக்குப் பூட்டிக்கொள்ளத் தோன்றியிருக்காது.

நாலு முக்கிலும் முட்டுக்கட்டை போட்டார்கள். நிலைக்கு, அதாவது தேர் நிற்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. முன்னச்சு வில் மாதிரி வளைந்து, ஒரு சக்கரம் கிழக்கேயும் ஒன்று மேற்கேயும் பார்க்கிறது. ஜனங்கள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடித்து அழுகிறார்கள். கீழத் தெருக்காரன் மேலத் தெருக்காரனுக்கு நீர்மோர் கொடுக்கிறான். என் காரைப் பார்க்க ஒரு நாதி இல்லை.

ஒரே ஒருத்தர் வந்தார். வலது வடத்தில் முதல் ஆளாக நின்று இழுத்தவர். மேலே பனியன், கீழே காக்கி பேண்ட், உள்ளங்கையெல்லாம் நார் அறுத்துச் சிவந்து கிடந்தது. கையைத் துடைத்துக்கொண்டே வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பானெட்டில் கையை ஊன்றிக் குனிந்து அடியில் பார்த்தார்.

"பெரியவரே, எங்க போயிட்டிருந்தீங்க?"

"ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு. பிரேக் இன்ஸ்பெக்டரப் பாக்க."

"நான்தான். இந்த ஊருதான் எனக்கு. சாப்பிட வந்தேன், வடத்தப் பாத்ததும் கால் நகரல."

தம்பி, அந்த நேரத்தில் எனக்குச் சாமி இருக்கிறது என்று தோன்றிற்று. எவ்வளவு தூரம் வந்தும் நான் போய்ச் சேராத ஆபீஸ், அதுவாகவே என் காரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

"அப்ப இங்கயே பாத்துருங்க ஐயா" என்றேன்.

"பாத்துட்டேன். பிரேக் பிடிக்கல. ஸ்டீயரிங் திரும்பல. அடியில ஆயில் ஊத்துது. புகை பாக்கணும்னா எஞ்சின் ஓடணும், ஓடல."

"ஓடாத வண்டியில புகையே வராதுங்களே. அதவிடச் சுத்தமா ஒரு வண்டிய நீங்க பாத்திருக்கீங்களா?"

சிரித்தார். சிரித்துவிட்டுக் கையை விரித்தார். "பாவம் பெரியவரே, இதுக்கு மேல இத வருத்தாதீங்க" என்றார்.

என் காரை இழுத்த கை. சந்தனமும் குங்குமமும் ஒட்டின கை. அந்தக் கையாலேயே இல்லையென்று காட்டிவிட்டார். இதைவிட அருவருப்பு ஒன்று உண்டா?

மாப்பிள்ளை வந்தார், அந்த ஏற்றிக்கொண்டு போகிற வண்டியோடு. 'நான்தான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். காரைப் பலகைமேல் ஏற்றி, நாலு சக்கரத்துக்கும் பட்டை போட்டு இறுக்கி, பின்னால் பட்டுத் துணியைத் தொங்கவிட்டு, தெருவில் சிந்தின எண்ணெயில் மரத்தூளைக் கொட்டி ஆட்களோடு சேர்ந்து அள்ளினார். என்னை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்தார். உடைக்கிற இடம் போய்ச் சேருகிறவரை நான் கண்ணாடியில் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தேன். பட்டை தளர்ந்துவிட்டதா என்று பார்த்தேன், வேறொன்றுமில்லை. மாப்பிள்ளை தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். தாகமாக இருந்தது.

அந்த ஊர்க்காரர்கள் வடத்தை என்னிடம் திரும்பக் கொடுக்கவில்லை. இரண்டு தெருவும் சேர்ந்துவிட்டது. இந்த வருஷம் தேர் ஓட்டுகிறார்கள். அதற்கு, கேளுங்கள், என் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, 'தம்பி, நீங்கதான் பாதுகாப்பு பாத்துக்கிடணும்' என்று தாம்பூலம் வைத்திருக்கிறார்கள். விசிலும் சிவப்புத் துணியுமாக அலைகிறார். யாருடைய வடம்? எத்தனை வருஷம் எலி கடிக்காமல் காப்பாற்றினவன் யார்? எனக்கு ஒரு வெற்றிலை உண்டா? அவர் வந்து கூப்பிடத்தான் செய்தார். 'மாமா, வடம் பிடிக்க நீங்க அவசியம் வரணும்' என்று. அவர் கூப்பிட்டு நான் போவதா?

போகிறேன்தான். இன்றைக்குத்தான் தேரோட்டம். ஆனால் நான் போவது வேறு காரியத்துக்கு. கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். 'இந்தத் தேருக்கு எஃப்.சி. இருக்கா?' பிரேக் எங்கே, ஸ்டீயரிங் எங்கே? என் காருக்கு மட்டும் சட்டம், இதற்கு இல்லையா? அந்த பிரேக் இன்ஸ்பெக்டரும் வலது வடத்தில்தான் நிற்பார். அவர் மூஞ்சியைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

அதோ, மருதங்கோட்டையில் பஸ்ஸை நிறுத்திவிட்டான் பாருங்கள். தேர் தெற்கு வீதிக்கு வந்துவிட்டது போலிருக்கிறது, ரோட்டை மறித்துவிட்டார்கள். தேர் நிலைக்குப் போகிறவரை பஸ் நகராது. நீங்கள் இறங்கவில்லையா? அப்படியானால் என் செருப்பைச் சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டுப் போகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். வடத்துப் பக்கம் செருப்புக் காலோடு போகக் கூடாது. துண்டையா? இடுப்பில்தான் கட்டுகிறேன். கேள்வி கேட்கிறவன் இடுப்பில் துண்டு கட்டக் கூடாது என்று சட்டமா? இல்லை தம்பி, நான் எங்கே இழுக்கப் போகிறேன். வலது வடத்தில் முன்னால் ஓர் ஆள் நிற்கிற மாதிரி இடம் விட்டு வைத்திருக்கிறார்கள், தெரிகிறதா? பக்கத்தில் என் மாப்பிள்ளை நின்று இந்தப் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருக்கிறார் பாருங்கள். அங்கே போய் நின்று கேட்டால்தான் அந்த இன்ஸ்பெக்டர் காதில் விழும். கொஞ்சம் வழி விடுங்கள்.